தண்ணீர் இல்லாத வயல்

பாலிக் பூலாவ் வயல்வெளியில் முதல் நாள் காலை முழுக்க நான் நிழலைத் தேடிக்கொண்டிருந்தேன். உட்காருவதற்கல்ல, வரைவதற்கு. கோவில்பட்டிப் பக்கம் பிறந்து, அந்தக் கரிசல் காட்டையே வருஷக்கணக்காக வரைந்து வருகிறவள் நான். எங்கள் ஊரில் ஒற்றை வேலிமரம் நின்றாலும் அதன் நிழல் கத்தியால் வெட்டி வைத்த மாதிரி தரையில் விழும். அதைப் பிடித்துவிட்டால் பாதிப் படம் முடிந்தது. பினாங்குத் தீவின் இந்த மேற்குப் பக்கத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடவில்லை. வானம் முழுக்க வெள்ளையாகக் கசிந்துகொண்டிருந்தது. தென்னைக்குக் கீழே நிழல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கறை மட்டும் இருந்தது.

ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வரப்பு வரப்பாக அலைந்தேன். ஓரிடத்தில் நிறுத்தி வண்ணத்தைப் பிதுக்கினால் பின்னால் இருக்கிற மலையை மேகம் மூடிவிடும். மலை தெரிகிற இடத்துக்கு நகர்ந்தால் வயலில் வந்து நின்ற ஒளி போய்விடும். சைக்கிளில் வந்த சுற்றுலாக்காரப் பெண்கள் சிலர், "கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா? எங்கள் படத்தில் நீங்கள் விழுகிறீர்கள்" என்று ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டார்கள். தள்ளி நின்றேன். அதற்குள் மழை வந்துவிட்டது. எங்கள் ஊர் மழை ஒரு மணி நேரத்துக்கு முன்பே மண்வாசனையாகத் தகவல் சொல்லும். இந்த மழை எதையும் சொல்லவில்லை, நேராக வந்து தாளில் விழுந்தது. நீலம் ஒழுகிப் பச்சையில் கலந்து, பச்சை என் செருப்பில் சொட்டியது.

நனைந்துகொண்டே ஓடி ஏறிய பஸ் எதிர்த்திசையில் போகிற பஸ். அதைத் தெரிந்துகொள்ளவே நெடுநேரம் ஆனது. ஈரத் துணியோடு ஏ.சி.யில் நடுங்கியபடி, கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பினேன்.

இவ்வளவு தூரம் நான் வந்ததற்குக் காரணம் மும்தாஜ் அக்கா. ஆயர் ஈத்தாமில், கடைகளுக்கு மேலே முதல் மாடியில், சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கான டயாலிசிஸ் மையம் ஒன்றை நிர்வகிக்கிறார். சென்னையில் உறவினர் வீட்டுக்கு வந்தபோது அங்கே தொங்கிய என் ஓவியத்தைப் பார்த்திருக்கிறார். அப்புறம் விடாமல் போன். "எங்க சென்டர் சுவரு மொட்டையா கெடக்கு கனகா. வந்து, பாத்து, இங்குள்ள வயல வரைஞ்சு குடுங்க. பச்சையா, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கணும். அவ்ளோதான்."

மறுநாள் அந்தச் சுவரைப் பார்க்கப் போனேன். படியேறியதுமே, "பசியாறியாச்சா?" என்று கேட்டார் மும்தாஜ் அக்கா. இந்த ஊரில் காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் சொல். மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் 'புட்டு மாயாம்' என்று விற்றதை வாங்கித் தின்றதைச் சொன்னேன். பிரித்துப் பார்த்தால் நம் இடியாப்பம், மேலே தேங்காய்ப்பூவும் கறுப்புச் சர்க்கரையும். புட்டு என்ற பெயர் அதற்கு எப்படி வந்தது என்று கேட்டேன். "பேர்ல என்னலா இருக்கு, தொண்டைல எறங்குச்சா இல்லியா?" என்றார்.

அறை நீளமானது. இரண்டு பக்கமும் எதிரெதிராகச் சாய்வுப் படுக்கைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆள் உயரத்துக்கு ஓர் இயந்திரம். கையில் ஊசி, ஊசியிலிருந்து குழாய், குழாயில் அவரவர் ரத்தம் வெளியே போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பியது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் அப்படியே கிடக்க வேண்டும். ஊசி போட்ட கையை அசைக்கக் கூடாது. ஓரிடத்தில் பத்து நிமிஷம் நிற்க முடியாமல் வரப்பெல்லாம் ஓடியவள் நான். அந்த அறையில் நிற்கவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

"படம் வரைய வந்தவங்க நீங்கதானா?" என்று கேட்டவர் செல்வம். என் வயதுதான் இருக்கும். கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர், உடம்பு கெட்டதும் வேலையை விட்டுவிட்டார். எதிர்ப் படுக்கையில் லிம் ஆன்ட்டி. ஒரு காலத்தில் பாசாரில், அதாவது சந்தையில், மீன் விற்றவர், அந்தக் குரல் அப்படியே இருந்தது. மலாயில் என்னவோ சொன்னார். செல்வம் சிரித்துக்கொண்டு மொழிபெயர்த்தார்: "பெருசா வரையச் சொல்றாங்க. அவங்களுக்குக் கண்ணு சரியா தெரியாதாம்."

நான் தங்கியிருந்தது லிட்டில் இந்தியாவில், ஒரு சேலைக்கடையின் மாடியறையில். கீழே காலை முதல் இரவு வரை பாட்டு, அது நின்றால் அடுத்த கடைப் பாட்டு. கண்ணை மூடினால் மதுரை, திறந்தால் எதிரே சீன எழுத்துப் பலகை. அறையில் கித்தானைச் சுவரில் சாய்த்துவைத்து வேலையைத் தொடங்கினேன். அக்ரிலிக் வண்ணம் எங்கள் ஊரில் தட்டில் பிதுக்கிய சூட்டோடு காய்ந்துபோகும், அதோடு சண்டை போட்டே பழகிய கை. இங்கே மத்தியானம் பூசியது மாலையிலும் பிசுபிசுத்தது. கடைக்காரப் பெண்ணிடம் தலைமுடி உலர்த்தும் மெஷினை இரவல் வாங்கி, வயலுக்குச் சூடு காட்டினேன்.

காலையில் பாலிக் பூலாவ், மத்தியானம் அறை என்று நாட்கள் ஓடின. பச்சைதான் பெரிய தொந்தரவு. குழாயிலிருந்து வருகிற பச்சை பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். கொஞ்சம் சிவப்பைக் கலந்து அதன் திமிரை அடக்க வேண்டும். இங்கே எத்தனை அடக்கினாலும் போதவில்லை. நாற்றுப் பச்சை, வாழைப் பச்சை, மலைக்காட்டின் கறுத்த பச்சை, எல்லாவற்றுக்கும் மேலே ஈரக்காற்றின் மெல்லிய வெள்ளைத் திரை. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு நாசி கண்டார் என்கிற குழம்புச் சோறு சாப்பிடப் போனேன். பரிமாறுகிறவர் சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே, "பஞ்சிர்?" என்றார். புரியாமல் தலையாட்டினேன். எல்லாச் சட்டியிலிருந்தும் ஒவ்வொரு கரண்டி விழுந்து தட்டு மூழ்கிவிட்டது. பஞ்சிர் என்றால் வெள்ளமாம். அந்தத் தட்டைப் பார்த்தபோதுதான் வழி தெரிந்தது. நிழலைத் தேடியது போதும், தண்ணீரை வரைவோம் என்று முடிவு செய்தேன்.

அப்போதுதான் நடவு முடிந்திருந்தது. நாற்றுகளுக்கு நடுவே நிறைந்து நின்ற தண்ணீரில் வானம் இறங்கிக் கிடந்தது. தண்ணீரைக் கண்ணாரக் காணாத ஊர்க்காரி எனக்கு அதை வரைவதில் ஒரு பேராசையே வந்துவிட்டது. மேகத்தின் நிழலைத் தண்ணீரில் மெல்லியதாகத் தேய்த்து, ஓரங்களைக் கரைத்து, முன்பக்கம் வரப்பில் வழிகிற இடத்தில் மட்டும் வெள்ளையைக் கனமாக வைத்தேன். கை வைத்தால் நனையும் போல் வந்திருந்தது. இவ்வளவு நல்ல தண்ணீரை நான் அதற்கு முன் வரைந்ததில்லை.

இரண்டு வரிசைக்கும் தெரிகிற மாதிரி படம் கோடிச் சுவரில் ஏறிய அன்று மும்தாஜ் அக்கா கைதட்டினார். லிம் ஆன்ட்டி எக்கி எக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல வயல், மீன்கூட இருக்கும்" என்று சொன்னதாக நர்ஸ் சொன்னாள். செல்வம் மட்டும் கொஞ்ச நேரத்தில் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். தூங்குகிறார் என்று நினைத்தேன். நான் கிளம்பும்போது கூப்பிட்டார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இத நம்ம கண்ணுக்கு எதிர்ல வைக்க வேணாம்."

"ஏன் அண்ணே?"

"எங்களுக்குத் தண்ணி அளவுதான். ஒரு நாளைக்கு ரெண்டு மூணு கிளாஸ். மாத்திரை முழுங்குறது, சூப்பு, தேத்தண்ணி, எல்லாம் அதுக்குள்ள. நாக்கு வறண்டு போய் இங்க வந்து படுத்தா, நாலு மணி நேரம் எதிர்ல இவ்ளோ தண்ணி."

எனக்குக் காது சூடாகிவிட்டது. வரைவதற்கு முன்னால் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டேனா என்று யோசித்தேன். கேட்கவில்லை. அதற்குள் பேச்சின் பொருள் புரிந்துபோன லிம் ஆன்ட்டி அங்கிருந்தே சத்தம் போட்டார். நர்ஸ் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள்: "அவனுக்கு வேண்டாமென்றால் கண்ணை மூடிக்கொள்ளட்டும். என்னால்தான் குடிக்க முடியவில்லை, பார்க்கவாவது விடுங்கள்." செல்வம் பதிலுக்கு ஏதோ சொல்ல, இயந்திரம் ஒன்று பீப் பீப் என்று கத்த, நர்ஸ் ஓடினாள். மும்தாஜ் அக்கா என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

"நீங்கதானே அக்கா குளிர்ச்சியா வேணும்னு கேட்டீங்க?" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"கேட்டேன்மா. இத்தன வருஷமா இவங்களோட இருக்கேன், எனக்கே தோணல. இருக்கட்டும், பழகிருவாங்க. விடுங்க."

விட முடியவில்லை. அன்று மாலை கடற்கரைச் சாலையிலிருந்து மார்க்கெட் தெரு வரை காரணமில்லாமல் நடந்தேன். தாகமெடுத்தபோது கடையில் இளநீர் வாங்கி, வாயருகே கொண்டுபோய், குடிக்கப் பிடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை செல்வத்தின் படுக்கை காலியாக இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னார்கள். தண்ணீர் அதிகம் குடித்து, நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு திணறியிருக்கிறது. "படத்தாலயா?" என்று கேட்டேன். மும்தாஜ் அக்கா காடிச் சாவியை எடுத்தார். இங்கே காரைக் காடி என்றுதான் சொல்கிறார்கள். "வாங்க, நேரா அவர்கிட்டயே கேப்போம்."

செல்வம் தலைமாட்டை உயர்த்திய கட்டிலில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சாய்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் வெட்கப்பட்ட மாதிரி சிரித்தார். "பாசாருக்குப் போனேன்கா. சரியான வெயிலு. ஒரு ஐஸ் கச்சாங் சாப்ட்டேன், சிரப்பு ஊத்தின ஐஸ் தூளு. அப்புறம் கரும்புத் தண்ணி. அப்புறம் நிறுத்த முடியல."

"படத்தப் பாத்ததாலயா அண்ணே?"

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "இல்லன்னு சொன்னா நீங்க நிம்மதியா ஊருக்குப் போவீங்க. ஆனா எனக்கே தெரியல. முன்னாடியும் ரெண்டு தடவ இப்படிப் பண்ணியிருக்கேன், அப்ப எந்தப் படமும் இல்ல."

"அத எடுத்துரச் சொல்றேன்."

"வேணாம். லிம் ஆன்ட்டிக்குப் புடிச்சிருக்கு. அவங்க மகன் வந்து பாக்குறதில்ல, அவங்க வேற எதுக்கும் ஆசைப்பட்டு நான் பாத்ததில்ல. இருக்கட்டும்."

"அப்ப உங்களுக்கு வேற ஒண்ணு வரையறேன். என்ன பாக்கணும்?"

"பாக்குறதுக்கு ஒண்ணும் வேணாம். காத்து வேணும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "ஏ.சி. ரூம்ல அதான் இல்ல. காலைல மோட்டர எடுத்துட்டு பிறைக்கு வேலைக்குப் போவேன்ல, பேக்டரி வேலிக்கு முன்னாடி வெறும் லாலான் புல்லு, ஒரு கட்டடம் கெடையாது. அங்க மட்டும் காத்து சட்டைக்குள்ள பூந்துக்கும். லேட்டானாலும் அங்க ஸ்லோ பண்ணிருவேன். சூப்பர்வைசர் ஏசுவாரு."

ஊருக்குத் திரும்பும் நாள் நெருங்கிவிட்டது. மறுநாள் காலை ஒரு நடுத்தரக் கித்தானைக் கட்டித் தூக்கிக்கொண்டு படகேறி அக்கரைக்குப் போனேன். பஸ்காரர் என்னைத் தவறான இடத்தில் இறக்கிவிட்டார். அல்லது நான் தவறாகச் சொல்லியிருப்பேன். தூரத்தில் தெரிந்த மின்நிலையத்தின் புகைபோக்கியை அடையாளமாக வைத்து நடந்தேன். கன்டெய்னர் லாரிகள் ஒவ்வொன்றும் கடக்கும்போது கித்தான் என்னைச் சாலையோரமாகத் தள்ளிக்கொண்டு போனது. சாலையில் நடக்கிற ஆள் நான் ஒருத்திதான். ஆனால் செருப்பில் தூசி ஏறியிருந்தது. இந்த நாட்டுக்கு வந்து நான் பார்த்த முதல் தூசி. செம்மண், காய்ந்தது. குனிந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்து, பையில் போட்டுக்கொண்டேன்.

செல்வம் சொன்ன இடம் இதுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வேலிகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. ஒரு வேலிக்கு முன்னால் மட்டும் காலி மனை, இடுப்புயர லாலான், பூத்த வெள்ளைக் கதிர்கள். நம் ஊரில் தர்ப்பை என்று மோதிரமாக முடிந்து விரலில் போடுவோமே, அதே ஜாதிப் புல். இங்கே அது களை, யாருக்கும் வேண்டாத நிலத்தில் வளர்வது. கடற்பக்கமிருந்து காற்று வந்து அதைப் படுக்க வைத்தது, எழுப்பியது, மறுபடி படுக்க வைத்தது. மத்தியான வெயில் மேகத்தைத் திறந்துகொண்டு அடித்தபோது வேலிக்கம்பங்களின் நிழல் புல்லின் மேல் கூர்மையாக விழுந்தது.

ஸ்டாண்டை நிறுத்தியதும் காற்று அதைத் தள்ளிவிட்டது. கித்தான் பாய்மரமாகப் புடைத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தது. துப்பட்டாவால் அதை வேலியோடு இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது காவலாளி வந்தார். நடுவயது மலாய்க்காரர். உடைந்த ஆங்கிலத்தில், "இங்கே படம் எடுக்கக் கூடாது" என்றார்.

"எடுக்கவில்லை. வரைகிறேன்."

"தொழிற்சாலையையா?"

"புல்லை."

அவர் புல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதை வெட்டச் சொல்லி ஆளுக்குச் சொல்லியாகிவிட்டது" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, இரண்டு செங்கல்லைக் கொண்டுவந்து ஸ்டாண்டின் காலடியில் வைத்துவிட்டுத் தன் கூண்டுக்குப் போனார்.

முதலில் வரைந்தது வாரி விட்ட தலைமுடி மாதிரி இருந்தது. எல்லாப் புல்லையும் ஒரே பக்கம் சாய்த்தால் காற்று வராது, சாய்ந்த புல்தான் வரும். அதை அப்படியே அழித்துவிட்டு, ஈரமில்லாத தூரிகையால் கித்தானின் சொரசொரப்பு தெரியும்படி கதிர்களை இழுத்தேன். காற்று வருகிற பக்கத்து ஓரங்களைக் கூர்மையாக விட்டு, போகிற பக்கத்து ஓரங்களைத் தொலைத்தேன். சிலவற்றை எழுகிற நிலையில், எதிர்ப்பக்கம் திரும்பியபடி வைத்தேன். கீழே செம்மண்ணுக்கு, எடுத்து வைத்திருந்த மண்ணையே வண்ணத்தில் குழைத்துக் கத்தியால் அப்பினேன். தண்ணீர் என்று சொல்ல ஒரு துளி இல்லை. வானத்தில்கூட மழைமேகம் வைக்கவில்லை. காற்று விடாமல் லாலான் பஞ்சைக் கொண்டுவந்து ஈர வண்ணத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தது. முதலில் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அப்புறம் விட்டுவிட்டேன். இலையின் ஓரம் அறுத்து முழங்கையெல்லாம் கோடு கோடாக எரிந்தது. அறைக்குத் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தபோது என் தலைமுடியிலும் அந்தப் பஞ்சு இருந்தது.

படத்தை மையத்துக்குக் கொண்டுபோனால் வாசலிலேயே மும்தாஜ் அக்கா மறித்தார். அருகில் வந்து பார்த்து, விரலால் தொட்டு, "இது நெசப் புல்லா?" என்றார்.

"ஆமா, காத்துல வந்து ஒட்டிக்கிச்சு."

"ஐயோ கனகா, உள்ளுக்கு ஊசி போட்ட கையோட ஆளுங்க கெடக்காங்க. தூசி, பஞ்சு ஒண்ணும் வரக்கூடாதுமா."

அவர் சொன்னது நியாயம். திரும்ப அறைக்கு எடுத்துப் போய், பஞ்சு பறக்காமல் இருக்க வார்னிஷை மேலே மேலே பூசி, இரவல் மெஷினால் காய வைத்தேன். பளபளப்பு கூடிவிடுமோ என்று பயந்தபடியே பூசினேன். கொஞ்சம் கூடித்தான்விட்டது. இரண்டு வரிசைகளும் எதிரெதிரே என்பதால் இடம் பிரிப்பது சுலபமாக இருந்தது. தண்ணீர் வயல் லிம் ஆன்ட்டியின் வரிசைக்கு எதிரே. லாலான், செல்வத்தின் வரிசைக்கு எதிரே, லிம் ஆன்ட்டியின் தலைக்கு மேலே.

நான் கிளம்புகிற அன்றுதான் செல்வம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி மையத்துக்கு வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. எடை பார்த்து, ஊசி குத்தி, குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கிய பிறகுதான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். நான் விமான நிலையத்துக்குப் போக வேண்டிய காடி கீழே நின்றது. போக முடியாமல் கதவோரம் ஒரு காலும் அறைக்குள் ஒரு காலுமாக நின்றுகொண்டிருந்தேன்.

லிம் ஆன்ட்டி கழுத்தை முறுக்கித் தன் தலைக்கு மேலே பார்க்க முயன்று, முடியாமல், நர்ஸிடம் என்னவென்று விசாரித்தார். அவள் சொன்னதும், "வெறும் புல்லையா வரைந்திருக்கிறாள்?" என்று கேட்டதாகத் தெரிந்தது. என் பக்கம் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

"இது எங்க பேக்டரி வேலியில்ல," என்றார் செல்வம் கடைசியில்.

"எந்த வேலின்னு தெரியல அண்ணே. சுத்திச் சுத்திக் கண்டுபுடிச்சேன்."

"எங்களுது பச்சைக் கம்பி." இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். "காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?"

"கடல் பக்கத்துலேர்ந்து. உங்க எடது கைப் பக்கம்."

கீழே ஹார்ன் அடித்தார்கள். மும்தாஜ் அக்கா என் பையை எடுத்துக்கொண்டார். நான் திரும்பும்போது செல்வம், ஊசி இல்லாத கையால் கால்மாட்டில் கிடந்த போர்வையை இழுத்து, கழுத்து வரை மூடிக்கொண்டார். இடது பக்கத்தை நன்றாக உள்ளே சொருகிக்கொண்டார்.

"மெஷின்ல ரத்தம் வெளிய போய்ட்டு வருதுல்ல, எல்லாருக்கும் குளிரும்மா," என்றார் மும்தாஜ் அக்கா, படியிறங்கிக்கொண்டே.

அப்படித்தான் இருக்கும். கதவு மூடுவதற்குள் மறுபடி ஒருமுறை எட்டிப் பார்த்தேன். போர்வைக்கு மேலே கண்களை மட்டும் வைத்துக்கொண்டு செல்வம் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.